டீக்கு அடியில் ஒரு தேள்

விருத்தாசலம்
11.9.1972

மதலேனம்மாள் டீச்சர் அவர்களுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடும் 'சேசு மரி சூசை துணை'யை இந்தத் தடவை போடவில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகு அவர்கள் மூவரும் உங்கள் பக்கம்தான் இருப்பார்கள். நான் தனியாகவே எழுதுகிறேன்.

நான் யார் என்று மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் எனக்கு நல்லது. உங்கள் மகன் மிக்கேலுக்காக என் மகள் விமலாராணியைப் பார்க்க, ஞாயிறு பூசை முடித்துத் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தீர்களே, அந்தப் பெண்ணின் தகப்பன் பால்சாமி. செராமிக் பேட்டையில் கப், ஜாடிகளுக்கு அச்சுப் போடுகிறவன். எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு முறை படித்ததால் ஒன்பதாவது என்று வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு.

நீங்கள் டீயைப் பாதி குடித்ததும் உள்ளேயிருந்து ஒரு தேள் வாலைத் தூக்கியது. அது உயிருள்ள தேள் இல்லை அம்மா. களிமண் தேள். கப்புக்கு உள்ளே அடியில் ஒட்டி, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைக் கறுப்பாகப் பூசி, கப்போடு சேர்த்துச் சூளையில் வேகவைத்தேன். எங்கள் பட்டறையில் மாணிக்கவேல் என்று ஒருவன் இருக்கிறான். யார் டீ வாங்கி வைத்தாலும் அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதியைக் குடித்துவிடுவான். அவனுக்காகச் செய்தது. அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று விளிம்பில் பொன் கோடு வேறு இழுத்தேன்.

அந்தப் பொன் கோடுதான் வினை. பேட்டையில் வேலை செய்கிறவன் வீட்டில் நல்ல கப் இருக்காது. சூளையில் கோணியது, காது ஒட்டாதது, கிளேஸ் வழிந்தது என்று தள்ளிய சரக்கில்தான் நாங்கள் டீ குடிப்போம். ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டு ஆராயி அலமாரியைப் பார்த்திருக்கிறாள். கோணாத கப் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அதில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் போனதிலிருந்து என் மனைவி ரோசி என்னோடு பேசுவதில்லை. எங்கள் கோழியிடம் பேசுகிறாள். "ஏ கோழி, இந்த வூட்டு ஆம்பளைக்குப் புத்தி எங்க இருக்குதுன்னு கேளு." கோழியும் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டதாம். அதையும் ரோசி கோழியிடம்தான் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்குள் முடிக்கலாம் என்று நீங்களே வாய்திறந்து சொன்னீர்கள். ஒரு முட்டாள் செய்த தேளுக்காக அது நின்றுபோக வேண்டாம். மன்னித்ததாக ஒரு கார்டு போட்டால் போதும்.

இப்படிக்கு,
பால்சாமி


திட்டக்குடி
16.9.1972

திரு. பால்சாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

தேள் களிமண்ணால் ஆனது என்பது பஸ் பெண்ணாடம் தாண்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உயிருள்ள தேள் சூடான டீயில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. மிக்கேலின் சட்டையில் நான் கொட்டிய கறையும் வெளுப்பில் போய்விட்டது. ஆகவே தேளை மன்னித்தேன்.

போகாதது வேறொன்று. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றபோது உங்கள் மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாவது சிரித்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஒரே சமையலறையில் நான் இருக்க முடியாது. பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை என்பதால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கடிதத்தை மடிக்க மனம் வரவில்லை. உங்கள் கையில் களிமண் இருந்தது. எதையும் செய்திருக்கலாம். பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால் புலி செய்யலாம், பேய் செய்யலாம். ஏன் தேள்?

பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

மதலேனம்மாள்


விருத்தாசலம்
20.9.1972

டீச்சர் அவர்களுக்கு,

பதில் எழுதக் கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என் வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தால் எட்டாவதை ஒரே தடவையில் முடித்திருப்பேன். கட்டாயம் இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் புலிதான் செய்தேன். பச்சை மண்ணாக இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்து ரோசியிடம் காட்டினேன். பல், நகம், வரி எல்லாம் வைத்திருந்தேன். "பூனை நல்லா இருக்குது"ன்னாள். அடுத்து ஒரு பிசாசு. கொம்பு, கோரைப்பல், தொங்குகிற நாக்கு. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க அண்ணன் சாடை" என்றாள். உண்மையிலேயே கொஞ்சம் இருந்தது. பிறகு பாம்பு செய்தேன். "சீ"ன்னு இரண்டடி தள்ளிப்போனாள், ஆனால் மறுபடி கிட்டே வந்து பார்த்தாள். கடைசியாகத் தேள். அதைத் தரையில் வைத்ததுதான் தெரியும். துடைப்பக்கட்டையால் ஒரே போடு. அதற்குப் பிறகுதான் அது என்ன என்று கேட்டாள்.

டீச்சர், நான் அதுவரை செய்ததெல்லாம் அவளை நின்று பார்க்க வைத்தது. இது மட்டும் பார்ப்பதற்கு முன்னாலேயே அடிக்க வைத்தது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

ஏன் அப்படி என்று நீங்கள் கேட்டபிறகுதான் யோசிக்கிறேன். சூளைக்கு முன்னால் உட்கார்ந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். புலிக்கு முகம் இருக்கிறது. அது கோபமாக இருந்தால் கோபம் தெரியும், தூங்கினால் தூக்கம் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டால் ஒருவேளை விட்டுவிடும் என்று தோன்றும். எங்கள் மேஸ்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்துவார், ஆனால் எப்போது கத்துவார் என்று அவர் மூஞ்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும், தப்பித்துவிடலாம். தேளுக்கு முகம் எங்கே? கண் எது, வாய் எது? அது நம்மைப் பார்க்கிறதா, பார்க்கவே இல்லையா? கும்பிடுவதென்றால் எந்தப் பக்கம் நின்று கும்பிடுவது?

இவ்வளவுதான் எனக்கு எட்டியது.

விமலாவைக் கேட்டேன். "ஏம்மா, அவங்க முன்னாடி சிரிச்சியா?" "சிரிச்சேன்ப்பா. இல்லன்னு பொய் சொல்லவா?" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோற்றில் கல் கிடக்கிறது. அவள் களைந்தால் ஒருநாளும் கல் இருக்காது.

பால்சாமி


திட்டக்குடி
28.9.1972

திரு. பால்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சிலேட்டை எடுக்கச் சொல்லி, "ஆளுக்கு ஒரு ராட்சதன் வரையுங்கள்" என்றேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், இவன் கொம்பு மட்டும் வெச்சிருக்கான். அது மாடு டீச்சர்."

"நீ என்னடா வெச்சிருக்க?"

"மீசை டீச்சர். நீளமா. அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். அப்பதான் பயம்."

"கால் எத்தனை?"

"எண்ண முடியக் கூடாது டீச்சர். எண்ணிட்டா பயம் போயிடும்."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் சிலேட்டுக்குச் சிலேட்டு கால்களும் மீசைகளும் முளைத்திருந்தன.

உங்களிடம் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வேறு பெயரில் சிறுவர் மாத இதழ் ஒன்றில் கதை எழுதுகிறேன். என் கதைகளில் வரும் அரக்கர் எல்லாருமே பூச்சிகள். எட்டுக்கால், நூறுகால், இறக்கை, கொடுக்கு. "டீச்சர், உங்களுக்கு வேறு பூதமே கிடைக்கவில்லையா?" என்று இதழாசிரியர் எழுதிக் கேட்டார். ரோஷத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு மனித அரக்கனை எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவனுக்குப் பசித்தது. நான்காம் பக்கத்தில் அழுதான். நானே அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டேன். மனிதச் சாடை வந்தாலே எனக்கு இரக்கம் வந்துவிடுகிறது. பூரானுக்கு வருவதில்லை. அது பசிக்கிறது என்று சொன்னாலும் எனக்கு விளங்காது. ஆகவே முகம் இல்லை என்று நீங்கள் எழுதியதில் ஏதோ இருக்கிறது.

ஆனால் எனக்கு அது மட்டும் காரணம் இல்லை. நான் கல்யாணமாகிப் போன வீட்டில், பூச்சி என்றால் எனக்குப் பயம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்கள். கரப்பான் பூச்சியைப் பிடித்து என் முந்தானையில் போட்டுவிட்டு, நான் துள்ளுவதைச் சுற்றி நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வீட்டுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. என் கணவரும் சிரித்தார். நல்ல மனிதர், ஆனாலும் சிரித்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வயதான காலத்தில் அதே சிரிப்பை நானே தாம்பூலத் தட்டு வைத்து வீட்டுக்கு அழைத்து வரவேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

மதலேனம்மாள்


விருத்தாசலம்
6.10.1972

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

முந்தானை விஷயத்தைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கப்பில் தேள் வைத்தவன் நான். ரோசியிடம் படித்துக் காட்டினேன். "அந்த வூட்டுக்காரங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். நேராக என்னிடமே கேட்டாள். கோழி பக்கத்தில்தான் இருந்தது.

கால்களுக்கெல்லாம் செருப்புக் கேட்டு ஊரை மிரட்டிய பூரான் ராஜா கதை உங்களுடையதா? செருப்புத் தைக்கிறவன் கடைசிக் காலுக்கு வருவதற்குள் முதல் கால் செருப்பு தேய்ந்துவிடுமே, அந்தக் கதை? சின்ன வயதில் விமலா அதைப் படித்துவிட்டுத் தன் செருப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். நான் ஒரு வாரம் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காரவில்லை. என்னைப் பயமுறுத்திய ஆளையே நான் திருப்பிப் பயமுறுத்தியிருக்கிறேன். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் நம்பவேண்டும். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பட்டறையில் பழைய அச்சுகளை அடுக்கி வைத்திருக்கும் மூலை எப்போதும் ஈரமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ஜாடி அச்சைப் பிரித்தேன். உள்ளே தேள். அசல் தேள். செருப்பைக் கழற்றிவிட்டேன், கையை ஓங்கியும்விட்டேன். அதன் முதுகு வெள்ளையாக இருந்தது. ஏன் வெள்ளை என்று ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் நடந்தது. முதுகு முழுக்கக் குட்டிகள். அரிசிக் குருணை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன.

ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி மூடினேன். கிளேஸில் மயிரிழை விரிசல் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்த விமலாவும் பார்த்தாள். இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

நான் இருபது வருடமாக அச்சுப் போடுகிறேன். அச்சில் வார்த்த எதற்கும் இரண்டு பாதி சேருகிற இடத்தில் ஒரு கோடு இருக்கும். கத்தியால் சுரண்டி, ஈரப்பஞ்சால் துடைத்தாலும் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தேளில் கோட்டைத் தேடினேன். கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தேடினேன். எங்கே சேர்த்தான் என்றே தெரியவில்லை. வால் கணு கணுவாகப் போய், நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்கு இவ்வளவு வேலைப்பாடா! நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. அதற்கு எல்லாம் தலைகீழ். எலும்புதான் வெளியே. கப்புக்கு உயிர் வந்து நடந்தால் அப்படித்தான் இருக்கும்.

அச்சுக்குள் இன்னொன்றும் கிடந்தது. தேள் மாதிரியே ஒரு கூடு. வெறும் தோல். ஊதினால் பறக்கிறது. கால், கொடுக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. "சட்டை உரிச்சிருக்குதுப்பா, பாம்பு மாதிரி. பெருசாயிட்டா பழசைக் கழட்டிப் போட்டுடும்" என்றாள் விமலா. டீச்சர், எங்கள் களிமண் சூளைக்குப் போனால் சுருங்கும். பெரிதாக வார்த்தால்தான் சின்னதாகவாவது கைக்கு வரும். வாழ்நாள் முழுக்கச் சுருங்குகிறதைக் கணக்குப் பண்ணியே அச்சுப் போட்டிருக்கிறேன். இது தன் அச்சைத் தானே உடைத்துக்கொண்டு பெரிதாகி வெளியே வருகிறது! இந்த வித்தை தெரிந்த மேஸ்திரி யார்? கோயிலில் நடுப்பூசையில் மணி அடிக்கும்போது முதுகில் ஒன்று ஓடுமே, அதே மாதிரி ஓடியது. முட்டி போடவில்லை. போட்டிருந்தால் மாணிக்கவேல் சிரித்திருப்பான்.

ஆனால் பயமும் போகவில்லை. கண்ணாடிக்குள் அது ஒரு பனங்காய் அளவு தெரிந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. புலி காட்டில் இருக்கிறது, நாம் போனால்தான் உண்டு. இது நம் அச்சுக்குள், செருப்புக்குள், பாய்க்கடியில் நம்மைக் கேட்காமலே குடும்பம் நடத்துகிறது. சின்னதாக இருப்பதால்தான் நாம் இந்த வீட்டில் இருக்கிறோம். கதை எழுதுகிறவர்கள் அதைப் பெரிதாக்கிவிட்டால் வீடு யாருடையது?

இடுக்கியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போய், கற்குவியலில் விட்டுவிட்டு வந்தேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

பால்சாமி


திட்டக்குடி
17.10.1972

பால்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்தால் பயமாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். மறுபடியும் அலமாரியில் வைத்தேன். குட்டிகள் வரும் பத்திக்காகத் திரும்பவும் எடுத்தேன்.

சனிக்கிழமை மிக்கேல் வேப்பூரிலிருந்து வந்திருந்தான். மின்வாரியத்தில் வயர்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் வந்தால் விசில் அடித்துக்கொண்டே குளிப்பான். இப்போது சத்தமில்லாமல் குளிக்கிறான். சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் கிளம்பிவிட்டது. வழக்கமாக நான் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டுக் கட்டில்மேல் ஏறிக்கொள்வேன். அன்றும் துணியை எடுத்தேன். உங்கள் தேள் ஞாபகம் வந்தது. துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஈசல்மா. உள்ள போ."

"தெரியுது. லாந்தரைக் கொண்டாந்து இங்க வை."

என்னை அவன் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வந்தது பூச்சி என்று தோன்றவில்லை. தரை திறந்துகொண்டு புகை மாதிரி மேலே போயிற்று. புற்றின் வாயில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அத்தனையும் புதிது. அத்தனைக்கும் அன்றுதான் முதல் வெளிச்சம். என் கையில், தலையில், கண்ணாடியில் விழுந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் சொல்ல ஆரம்பித்தது. எந்த இடத்தில் அது வேறாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. சற்று நேரத்தில் அவையே தங்கள் இறக்கைகளை உதிர்த்துவிட்டு, இரண்டிரண்டாக, ஒன்றின் பின்னால் ஒன்று நடந்து போயின. பறக்கத் தெரிந்த ஒன்று பறப்பதை வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டு மண்ணுக்குள் குடித்தனம் பண்ணப் போகிறது! என் படியெல்லாம் இறக்கை. நான் எழுதிய எந்த அரக்கனிடமும் இந்த அளவு அதிசயம் இல்லை. இவ்வளவையும் மனம் தாங்காதபோதுதான் அரக்கன் என்று பெயர் வைத்துக் கதையில் கொன்றுவிடுகிறோமோ என்னவோ.

என் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். காலையில் குளியலறையில் ஒரு கரப்பான். வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

லாந்தரை எடுத்து உள்ளே வைக்கும்போது மிக்கேல் சொன்னான்: "எனக்கு அந்தப் பொண்ணுதாம்மா. நீ வேணாம்னா வேணாம். ஆனா வேற எங்கயும் பாக்காத." அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

ஆகவே உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுதுங்கள். அவள் ஏன் சிரித்தாள்? நீங்கள் அழகாக்கி எழுத வேண்டாம். அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அதை வைத்துத்தான் முடிவு.

மதலேனம்மாள்


விருத்தாசலம்
21.10.1972

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்த அன்றே கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். நான் கேட்டது சரியில்லையோ என்று ரோசியை விட்டுக் கேட்கச் சொன்னேன். ரோசியிடமும் சொல்லவில்லை. கடைசியில் உங்கள் கடிதங்களையே அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். எழுதியவரைக் கேட்காமல் கடிதத்தைப் பிறத்தியாரிடம் காட்டுவது தப்பு. என் தப்புப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது ஈசல் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அழகாக்க எனக்குத் தெரியவும் தெரியாது.

"அவங்க வந்து ஒக்காந்ததுலேர்ந்து எனக்கு ஒரே பயமாப் போயிடுச்சுப்பா. டீச்சர்ன்னாங்க. மூக்குக் கண்ணாடி. சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. கண்ணாடியில ஜன்னல் வெளிச்சம் அடிச்சு கண்ணே தெரியல. புடிச்சிருக்குதா, புடிக்கலியா, ஒண்ணும் தெரியல. இவங்ககூடவா காலம் பூரா இருக்கப் போறோம்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் தேளப் பாத்துட்டு 'அய்யோ சேசுவே'ன்னு கத்திக்கிட்டு பெஞ்சு மேல ஏறுனாங்க பாரு, கண்ணாடி கீழ வுழுந்துடுச்சு. அப்பதான் கண்ணப் பாத்தேன். அய்ய, இவங்க நம்மள மாரிதான், இவங்களுக்கும் பயம் வருதுன்னு ஆயிடுச்சு. அதுல வந்த சிரிப்புப்பா அது. எம்பயம் போன சிரிப்பு. அவங்களப் பாத்துச் சிரிக்கல."

கடிதத்தை மடித்துக்கொண்டே, "ஆனா அவங்களுக்கு அது அப்படித் தெரியாதில்ல. முந்தானையில பூச்சி போட்டவங்க சிரிச்ச மாரிதான் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் பங்குக்கு நான் எதுவும் சேர்க்கவில்லை. நான் தேளுக்கு முகம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெண் உங்களுக்கு முகம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

முடிவு எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். வேண்டாம் என்று எழுதினாலும், அவ்வப்போது ஒரு பூச்சியைப் பற்றியாவது எழுதுங்கள். இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை. எட்டாவதில் இப்படி எழுதியிருந்தால் என் கதையே வேறு.

பால்சாமி


திட்டக்குடி
27.10.1972

அண்ணன் அவர்களுக்கு,

இந்த முறையை நானாகத்தான் போட்டேன். நீங்கள் எனக்கு அண்ணன் என்றால் என் மகன் உங்கள் பெண்ணுக்கு முறைப்பையன் ஆகிறான். கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விமலா சொன்னதை மிக்கேலிடம் படித்துக் காட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போனபிறகு வகுப்பில் தனியாக உட்கார்ந்து படித்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கடைசியில் அவள் சொன்னாளே, எனக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று, அந்த இரண்டு வரியை என் மாமியார் வீட்டில் யாராவது ஒருவர் என்றைக்காவது நினைத்திருந்தால் நான் வேறு கதைகள் எழுதியிருப்பேன்.

அவள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். அன்று எனக்கு வந்த பயம் தேள் வாலைத் தூக்கியபோது தொடங்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே இருந்தது. பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது வகிடும், கனகாம்பரமும், கை வளையலும்தான். முகமே தெரியவில்லை. இருபத்தைந்து வருடமாக நானும் என் மகனும் மட்டும் இருந்த வீடு. இவள் வருவாள், என் பானையில் கைவிடுவாள், நான் கேட்காமலே எல்லா மூலையிலும் இருப்பாள், என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தபடிதான் அந்தக் கப்பைக் கையில் வாங்கினேன். நான் அவளுக்கு எப்படியோ, அவளும் எனக்கு அப்படியே இருந்திருக்கிறாள். நடுவில் நீங்கள் வைத்தது சும்மா ஒரு களிமண் துண்டு.

பங்குச் சாமியாரைப் பார்த்து மிக்கேலின் பெயரைக் கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலைக்குக் கொடுத்துவிட்டேன். நவம்பர் ஐந்தாம் தேதி ஞாயிறு முதல் ஓலை வாசிக்கச் சம்மதித்தார். உங்கள் பங்குக் கோயிலிலும் பெண்ணின் பெயரை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மூன்று ஞாயிறும் தடை சொல்ல யாரும் எழுந்திருக்காவிட்டால், ஆகமன காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை கோயிலில் கைபிடித்துக் கொடுத்துவிடலாம். மிக்கேல் இன்று காலை குளிக்கும்போது விசில் அடித்தான். மெட்டு சரியில்லை, நான் திருத்தவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. பீடத்தின் முன்னால் பெண் தலை குனிந்து நிற்கவேண்டும், அதுதான் லட்சணம் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவள் நிமிர்ந்து வரட்டும். நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பெஞ்சில் உட்காருவேன். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை.

உங்கள் தங்கை
மதலேனம்மாள்